ஒரு வேளை மாத்திரை தவறினால் என்ன ஆகும்? ஹெச்.ஐ.வி கிருமிக்குக் கிடைக்கும் அந்த இடைவெளி!

இரவு 9 மணி. கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் களைகட்டியிருக்கிறது. கைப்பைக்குள் செல்போன் அலாரம் அடித்ததும், மணப்பெண்ணின் சித்தி சட்டென அதை அணைக்கிறார். பந்தி நேரம். பக்கத்தில் நாத்தனார், எதிரில் சம்பந்தி வீட்டார். பைக்குள் ஒரு பேப்பரில் மடித்த ஒற்றை மாத்திரை இருக்கிறது. லேபிள் ஒட்டிய டப்பாவை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது மாத்திரையை வாயில் போட்டால், "என்ன மாத்திரை அது, பிரஷரா, சுகரா?" என்று யாராவது கேட்பார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். வீடு போய்ச் சேரும்போது மணி ஒன்று. அசதியில் அப்படியே தூங்கிப்போகிறார்.

இந்தச் சித்தி கற்பனைதான். ஆனால், இந்தியாவில் ஹெச்.ஐ.வி-யுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேரில் பலருக்கு இப்படியான இரவுகள் புதிதல்ல.

பிரஷர் மாத்திரை தவறினால் பிரஷர் ஏறும். மறுபடி போட்டால் இறங்கும். மருந்து அதே மருந்தாகத்தான் இருக்கும். ஹெச்.ஐ.வி மாத்திரை அடிக்கடி தவறினால் நடப்பது வேறு. மருந்துக்குப் பழகிப்போன புதுக் கிருமி உடலுக்குள் உருவாகிவிடலாம். அதன் பிறகு அந்த மாத்திரையை எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் பலன் குறைவுதான். இதைத்தான் மருத்துவர்கள் 'மருந்து எதிர்ப்பு' என்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஒரு வேளை தவறியதால் எதுவும் கவிழ்ந்துவிடாது. 'தவறிப்போச்சே, இனி என்ன பிரயோஜனம்' என்று பயந்து மொத்தமாக நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அதுதான் பெரிய ஆபத்து.

தப்பும் தவறுமாக நகல் எடுக்கும் கிருமி

ஹெச்.ஐ.வி நம் உடலின் பாதுகாப்பு வீரர்களான சிடி4 செல்களுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே ஜெராக்ஸ் மெஷினாக மாற்றிக்கொள்கிறது. அதன் மரபுக் குறியீடு ஆர்.என்.ஏ வடிவத்தில் இருக்கிறது. அதை டி.என்.ஏ-வாக மாற்றி நம் செல்லின் டி.என்.ஏ-வுக்குள் ஒட்டவைத்தால்தான் அதனால் பெருக முடியும். இந்த மாற்றும் வேலையைச் செய்யும் நொதியின் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்.

இந்த நொதி ஒரு அவசரக்கார டைப்பிஸ்ட் மாதிரி. வேகமாக அடிக்கும், அடித்ததைத் திரும்பிப் பார்க்காது. நம் செல்கள் டி.என்.ஏ-வை நகலெடுக்கும்போது பிழை திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஹெச்.ஐ.வி-க்கு அது இல்லை. அதன் குறியீட்டின் நீளம் சுமார் 9,700 எழுத்துகள். சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு உருவாகும் வைரஸ்களின் எண்ணிக்கையோ சுமார் 1,000 கோடி. இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், அந்த 9,700 எழுத்துகளில் எந்த எழுத்து மாறினாலும், அப்படி மாறிய ஒரு வைரஸ் ஏதோ ஒரு நாளில் எங்கேயோ உருவாகியிருக்கும்.

பெரும்பாலான எழுத்துப்பிழைகள் கிருமிக்கே கெடுதல். பிழையோடு பிறந்தது பிழைக்காது. ஆனால், ஆயிரத்தில் ஒன்று மருந்து வந்து உட்காரும் இடத்தின் வடிவத்தை லேசாக மாற்றிவிடும். பூட்டின் பல் ஒன்று தேய்ந்துபோனதுபோல. சாவி உள்ளே போகும், திரும்பாது.

அப்படியொரு கிருமி, மருந்தே இல்லாத உடலில் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றாகச் சத்தமில்லாமல் கிடக்கும். மருந்து முழு அளவில் இருக்கும்போது எந்தக் கிருமிக்குமே நகல் எடுக்க வழியில்லை, அதனால் புதிய பிழைக்கும் வழியில்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ரத்தத்தில் மருந்து இருக்கிறது, ஆனால் போதுமான அளவு இல்லை. சாதாரணக் கிருமிகள் அடங்குகின்றன, எதிர்ப்பு பெற்றது மட்டும் பெருகுகிறது. களையெடுக்கப் போய், பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை மட்டும் வளர விட்ட கதைதான். மருந்து எதிர்ப்பைப் பொறுத்தவரை, பாதி மருந்து பல நேரங்களில் மருந்தே இல்லாததைவிட மோசம் என்பது இதனால்தான்.

சென்னையில் வெளிப்பட்ட ஆறு மாதிரிகள்

இந்தியாவில் ஹெச்.ஐ.வி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1985 இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். 'அதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் ஹெச்.ஐ.வி இருப்பது தெரிந்தது.

அந்த ஆறு பேருக்கும் கொடுக்க அன்று உலகத்தில் எங்கேயும் மருந்து இல்லை. ஓர் ஆண்டு கழித்து, 1987 மார்ச்சில் அமெரிக்கா முதல் மருந்தை அனுமதித்தது. பெயர் ஏ.இசட்.டி. புற்றுநோய்க்காக 1964-ல் தயாரிக்கப்பட்டு, பலன் இல்லை என்று ஓரங்கட்டப்பட்ட ரசாயனம் அது. இரவு பகலாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை விழுங்க வேண்டும். ஓர் ஆண்டு மருந்துச் செலவு 10,000 டாலர் வரை. ஆறே மாதம் தெம்பு வரும், பிறகு பழையபடி சரியும். ஏன் என்று 1989-ல் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களிடமிருந்து எடுத்த கிருமி, ஏ.இசட்.டி-க்கு மசியவில்லை. முதல் மருந்து வந்து இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே மருந்து எதிர்ப்பும் வந்துவிட்டது.

தீர்வு ஒரு எளிய கணக்கில் இருந்தது. ஒரு மருந்தை ஏமாற்ற ஒரு எழுத்து மாறினால் போதும் என்றால், வெவ்வேறு இடத்தில் தாக்கும் மூன்று மருந்துகளை ஒரே நேரத்தில் ஏமாற்ற, ஒரே கிருமியில் ஒரே சமயத்தில் பல எழுத்துகள் மாற வேண்டும். 1,000 கோடி கிருமிகள் இருந்தாலும் அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1996-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாட்டில் மூன்று மருந்துக் கூட்டின் முடிவுகள் வெளியானபோது, அந்த நோயின் கதையே திசைமாறியது. மரணப்படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

ஆனால், அது பணக்கார நாடுகளில். விலை இங்கே எட்டாக்கனி. 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா, மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. உலக மருந்துச் சந்தையே ஆடிப்போன அறிவிப்பு அது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த இடம், 90-களில் ஹெச்.ஐ.வி நோயாளிகளின் புகலிடமாகவும் மாறியிருந்தது. முதல் மருந்துக் கூட்டு பலன் தராமல் போனவர்களுக்கு இரண்டாம் கட்ட மருந்துகளை இலவசமாகத் தரும் திட்டம் 2008 ஜனவரியில் சோதனை முறையில் தொடங்கியபோதும் தேர்வானது இரண்டே இடங்கள். மும்பை ஜே.ஜே மருத்துவமனை ஒன்று, தாம்பரம் இன்னொன்று. இலவச மருந்து தொடங்கி நான்கே ஆண்டுகளுக்குள் அடுத்த கட்ட மருந்துக்கான தேவை வந்துவிட்டது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மூன்று மருந்தும் ஒன்றாக வெளியேறுவதில்லை

அந்த நாள்களின் மாத்திரைகள் லேசானவை அல்ல. ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். கன்னம் ஒட்டி, முகத்தைப் பார்த்தாலே 'இவருக்கு அந்த நோய்' என்று ஊர் பேசும் நிலை. கால் எரிச்சல் வேறு. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. ஏ.இசட்.டி ரத்தசோகை தரும். நெவிரபின் தோலில் தடிப்பும் கல்லீரல் பாதிப்பும் தரும். எஃபாவிரன்ஸ் சாப்பிட்டால் விசித்திரமான கனவுகள் வரும், தலை சுற்றும். மாத்திரையை விட்டவர்களை 'அலட்சியம்' என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவது எவ்வளவு அநியாயம் என்பது இந்தப் பட்டியலைப் படித்தாலே தெரியும்.

இந்த மருந்துகளுக்கு இன்னொரு மறைமுகச் சிக்கலும் இருந்தது. நெவிரபினும் எஃபாவிரன்ஸும் ரத்தத்தில் நீண்ட நாள் தங்கக்கூடியவை. கூட்டில் உள்ள மற்ற இரண்டு மருந்துகள் சீக்கிரம் வெளியேறிவிடும். ஒருவர் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள்களில் இரண்டு மருந்துகள் காலி. மூன்றாவது மட்டும் இன்னும் பல நாள்கள் தனியாக நின்று கிருமியோடு மல்லுக்கட்டும். மூன்று மருந்து சிகிச்சை, நோயாளிக்கே தெரியாமல் ஒற்றை மருந்து சிகிச்சையாக மாறிவிடும். இந்த வகை மருந்துகளை ஏமாற்ற கிருமிக்கு ஒரே ஒரு எழுத்து மாற்றம் போதும்.

பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு. இந்த எளிய முறை லட்சக்கணக்கான குழந்தைகளை ஹெச்.ஐ.வி-யிடமிருந்து காப்பாற்றியது. அதே சமயம், அந்த ஒற்றை மாத்திரையாலேயே தாய்மார்கள் பலரின் உடலில் நெவிரபினுக்கு எதிர்ப்பு உருவானதும் தெரியவந்தது. அதனால்தான் இப்போது ஒற்றை மாத்திரை முறை கைவிடப்பட்டு, கர்ப்பிணிகளுக்கும் முழுக் கூட்டு மருந்தே தொடர்ந்து தரப்படுகிறது.

உருவான எதிர்ப்பு, மருந்தை மாற்றியதும் மறைந்துவிடாது. நீண்ட நாள் உறங்கும் செல்களுக்குள் அந்தக் கிருமியின் நகல் பத்திரப்படுத்தப்பட்டுவிடும். பழைய கோப்பு அறை மாதிரி. பத்து ஆண்டுகள் கழித்து அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தால், கோப்பு வெளியே வரும். இன்னொன்று, எதிர்ப்பு பெற்ற கிருமி இன்னொருவருக்குத் தொற்றினால், அவர் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமலேயே எதிர்ப்போடுதான் சிகிச்சையைத் தொடங்குவார்.

இன்றைய மாத்திரை

இன்று இந்திய அரசின் ஏ.ஆர்.டி மையங்களில் பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்படுவது ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் அதற்குள்ளேயே. தினமும் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம்.

இதில் நாயகன் டோலுடெக்ராவிர். கிருமி நம் டி.என்.ஏ-வுக்குள் தன் குறியீட்டை ஒட்டும் அந்தக் கட்டத்தையே இது தடுக்கிறது. இதை ஏமாற்ற ஒரு எழுத்து மாறினால் போதாது, பல மாற்றங்கள் சேர வேண்டும். பழைய மருந்துகள் போல் ஒரு வேளை தவறியதற்கே பழிவாங்கும் ரகமல்ல. பக்க விளைவும் குறைவு. சிலருக்கு எடை கூடுகிறது, சிலருக்குத் தூக்கம் கெடுகிறது.

அப்படியென்றால் இனி கவலையில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. டோலுடெக்ராவிர் சாப்பிட்டும் வைரஸ் கட்டுப்படாதவர்களிடம் நடந்த ஆய்வுகளில், 3.9 முதல் 8.6 சதவிகிதம் பேரிடம் இந்த மருந்துக்கே எதிர்ப்பு இருந்தது. ஏற்கெனவே வேறு மருந்துகள் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருந்தபோதே இந்த மருந்துக்கு மாற்றப்பட்டவர்களிடம் அது 19.6 சதவிகிதம். கவனிக்க, இது மருந்து சாப்பிடும் எல்லோரிலும் உள்ள கணக்கல்ல, கட்டுப்படாத சிறு பகுதியினரில் எடுத்த கணக்கு. ஆனாலும், 'உடைக்க முடியாத பூட்டு' என்று நினைத்த மருந்துக்கும் கிருமி சாவி தேடத் தொடங்கிவிட்டது. கோடிக்கணக்கானோர் உலகம் முழுக்க இந்த ஒரு மருந்தை நம்பியிருக்கும் காலத்தில் இது சின்னச் செய்தி இல்லை.

மாத்திரை ஏன் தவறுகிறது?

மறதி ஒரு காரணம்தான். ஆனால், கல்யாண மண்டபத்துச் சித்தி மறக்கவில்லை. அலாரம் அடித்தது, மாத்திரை கைப்பையில் இருந்தது, தண்ணீர் பாட்டில் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தடுத்தது ஒரே ஒரு கேள்வி. "என்ன மாத்திரை அது?"

கூட்டுக்குடும்பத்தில் மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைக்கும் மாத்திரை, ஹாஸ்டலில் விட்டமின் டப்பாவுக்குள் இடம் மாறும் மாத்திரை, வேலை செய்யும் இடத்தில் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரில்லாமல் விழுங்கும் மாத்திரை. ஒளித்துச் சாப்பிடும் எதுவும் ஒரு நாள் தவறத்தான் செய்யும். டப்பாவை மாற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் மாத்திரை கெட்டுப்போகும் என்பதால்தான் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்டுத் தருகிறார்கள்.

அடுத்தது ஊர்விட்டு ஊர் போகிறவர்கள். சொந்த மாவட்டத்தில் பதிவு, வேலை திருப்பூரில். மாதம் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, சூப்பர்வைசர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் தங்கள் பதிவை வேலை செய்யும் ஊரின் மையத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனால், அருகில் உள்ள ஏ.ஆர்.டி மையத்தில் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி மருந்து கேட்கலாம். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குச் சில மாதங்களுக்கான மருந்தை ஒரே தடவையில் தரும் ஏற்பாடும் உண்டு. இது தெரியாமலேயே மாதக்கணக்கில் மருந்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளி சரியாக இருந்தும் மருந்து வராமல் போன கதையும் உண்டு. 2022 ஜூலையில் டெல்லியில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்துக்கு முன்பு ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்கிறவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குத் தரவேண்டிய மருந்தைச் சில நாள்களுக்கு மட்டும் தருகிறார்கள், மருந்தை மாற்றித் தருகிறார்கள் என்பது அவர்கள் புகார். நாடு தழுவிய தட்டுப்பாடு எதுவும் இல்லை என்றது அரசுத் தரப்பு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது அந்தப் போராட்டம். 'தினமும் தவறாமல் சாப்பிடுங்கள்' என்று நோயாளியிடம் சொல்வதற்கான தகுதி, தினமும் தவறாமல் மருந்து கிடைக்கச் செய்வதிலிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தைகள் பாடு தனி. பிறவியிலேயே தொற்று பெற்ற பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் லோபினாவிர் சிரப் கொடுப்பார்கள். அவ்வளவு கசப்பு. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்? இப்போது தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை, பழச்சுவையோடு வந்துவிட்டது. ஆனால், கசப்பு போனாலும் 15, 16 வயதில் வேறொரு பிரச்னை வரும். "எனக்கு எதுக்கும்மா தினமும் மாத்திரை?" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குக் காரணம் தெரியவரும் வயது அது. கோபத்தில் மாத்திரையைத் தூக்கிப்போடுவது அப்போதுதான் நடக்கும். பிறந்ததிலிருந்து மருந்து சாப்பிடும் அந்த உடலில், எதிர்ப்பு பெற்ற பழைய கோப்புகளும் ஏற்கெனவே இருக்கலாம்.

தெரியாமல் நடக்கும் தவறும் ஒன்று உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அது உடலில் சேராமல் போவது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும் வயிற்றுக்குள் டோலுடெக்ராவிரைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் மருந்து ஏறாது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் சத்து மாத்திரை கொடுக்காத டாக்டர் உண்டா? அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பாகவோ, 6 மணி நேரம் கழித்தோ ஹெச்.ஐ.வி மாத்திரையைப் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்து என்றால் ஒன்றாகப் போடலாம். ஆன்டாசிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே உடலிலிருந்து வெளியேற்றிவிடும். அதனால், காசநோயும் இருப்பவர்களுக்கு டோலுடெக்ராவிரை நாளைக்கு இரண்டு வேளையாகத் தருகிறார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். மறுபடியும் அதே தடை. சொன்னால் அந்த டாக்டர் எப்படிப் பார்ப்பாரோ!

இந்தத் தயக்கத்தில்தான் சிலர் காசு பார்க்கிறார்கள். 'எய்ட்ஸுக்கு நிரந்தரத் தீர்வு, 90 நாள்களில் குணம்' என்ற வகை விளம்பரங்களை நம்பி, ஏ.ஆர்.டி மருந்தை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிட்டு, உடல் உருக்குலைந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளிலேயே இருக்கிறது. விளம்பரங்கள் என்னவோ நின்றபாடில்லை.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

ஏ.ஆர்.டி மையத்துக்குப் போகும்போது மாத்திரை டப்பாவையும் எடுத்துவரச் சொல்வார்கள். மீதி எத்தனை என்று எண்ணுவதற்கு. 30 நாளில் இரண்டு மாத்திரை மிச்சமிருந்தாலே, மருந்து எடுத்த அளவு 95 சதவிகிதத்துக்குக் கீழே போய்விடும். திட்டு விழுமே என்று முந்தின நாள் இரவே மீதி மாத்திரைகளை எண்ணிக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். டப்பா பொய் சொல்லலாம், ரத்தம் சொல்லாது.

வைரல் லோடு பரிசோதனை ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடும். அரசு மையங்களில் 2018 முதல் இது வழக்கமான இலவசப் பரிசோதனை. சிகிச்சை தொடங்கி ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு முன்பு சிடி4 எண்ணிக்கையை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று ஊகிப்பார்கள். அது சரிவதற்குள் எதிர்ப்பு வேரூன்றியிருக்கும்.

எண்ணிக்கை 1,000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள். முதலில் கவுன்சலிங். வீட்டில் என்ன பிரச்னை, எங்கே மாத்திரை தவறுகிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட வைத்து மறுபடி பரிசோதிப்பார்கள். பலருக்கு அதிலேயே எண்ணிக்கை இறங்கிவிடும். அப்படியென்றால் எதிர்ப்பு உருவாகவில்லை, மருந்து உடலுக்குள் போகாமல்தான் இருந்திருக்கிறது. அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் நிபுணர் குழு பார்த்து, இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றுவது பற்றி முடிவெடுக்கும். அட்டசானாவிர், லோபினாவிர், டாருனாவிர் போன்றவை. அதிக மாத்திரைகள், அதிகச் செலவு. அதுவும் கைவிட்டால் மூன்றாம் கட்டம். அதற்குப் பிறகு கையிருப்பு மிகக் குறைவு.

ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் கிடைப்பது ஆரோக்கியம் மட்டுமல்ல. தாம்பத்திய உறவின் மூலம் துணைக்கு அது தொற்றாது. 2011-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று காட்டியது. அந்த ஆய்வு நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், கண்டறிய முடியாத அளவு இருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம், அந்தக் குழந்தை தொற்றில்லாமல் பிறக்கவும் வாய்ப்பு மிக அதிகம். தினமும் ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பெறுமானம்.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி - எய்ட்ஸ் சட்டத்தின்படி, இந்தத் தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலோ, மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, வாடகை வீட்டிலோ யாரையும் பாகுபடுத்தக் கூடாது. தன் நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ரகசியமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஆனால், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரின் பார்வையை எந்தச் சட்டம் தடுக்கும்?

அந்தச் சித்தியிடம் திரும்புவோம். மறுநாள் காலை 6 மணிக்கு அவருக்கு விழிப்பு வருகிறது. மாத்திரை ஞாபகம் வருகிறது. ஒன்பது மணி நேரம் தாமதம். இப்போது என்ன செய்ய வேண்டும்? ஞாபகம் வந்ததும் உடனே போட்டுக்கொள்ளலாம். இன்று இரவு 9 மணிக்கு வழக்கமான மாத்திரை. அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிய பிறகு ஞாபகம் வந்திருந்தால், தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது, தவறிய கதையை மறைக்காமல் கவுன்சலரிடம் சொல்ல வேண்டும். அலாரத்தை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் அந்த நேரத்தில் அவர் ஒருவர்தான் விழித்திருப்பார்.